சுயவிருப்பில் விலகியதாக எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாண நகரில் ஒரு புடவைக் கடையில் ஏழு வருடம் வேலை செய்தேன். மொத்தம் ஒன்பது பேர். போன மாதம் முதலாளி, "வியாபாரம் இல்லை, நாளைக்கு வரவேண்டாம்" என்று வாயால் சொல்லி நிறுத்திவிட்டார். நியமனக் கடிதம் இல்லை. ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியும் (EPF) கட்டவில்லை. இப்போது, சுயவிருப்பில் விலகியதாக எழுதித் தந்தால் ஒரு மாதச் சம்பளம் தருவாராம். வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் ஏதும் கொடுக்குமா?

பதில்: தம்பி, அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுக்கவேண்டாம். இலங்கையில் வேலையிழந்தோருக்கு மாதாமாதம் பணம் கொடுக்கும் திட்டம் கிடையாது. உங்களுக்கு வரவேண்டியது முதலாளியிடம்தான் இருக்கிறது. அதைக் கேட்கும் வழியை அந்த ஒரு கையெழுத்து அடைத்துவிடும்.

1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டப்படி நீங்கள் தொழிலாளர் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். வாய்ப்பேச்சில் அமைந்த வேலையும் வேலைதான். ஆனால் நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பம் போகவேண்டும். சமரசம் பேசுகிறோம் என்றே அந்தக் காலத்தைக் கடத்திவிடுகிற முதலாளிமாரும் உண்டு, கவனம்.

உங்கள் வழக்கின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முதலாளி நிறுத்தியதை ஒப்புக்கொண்டால் காரணத்தை அவர்தான் நிரூபிக்கவேண்டும். "அவராகவே வராமல் விட்டார்" என்றால், நிறுத்தப்பட்டதை நீங்கள் நிரூபிக்கவேண்டி வரும். ஆகவே இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள்: இன்ன திகதியில் வரவேண்டாம் என்றீர்கள், நான் வேலைக்கு வர ஆயத்தமாக இருக்கிறேன் என்று. பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள். வட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய எதையும் அழிக்கவேண்டாம்.

பணிக்கொடை என்பது வேலை முடியும்போது சேவைக்காலத்துக்காகக் கிடைக்கும் தொகை. அதற்கான சட்டம் 15 பேருக்குக் குறைந்த இடத்துக்குப் பொருந்தாது. அதற்காக விட்டுவிடாதீர்கள், பணிக்கொடையையும் அதே விண்ணப்பத்தில் நியாய சபையிடம் கேளுங்கள்.

சேமலாப நிதிக்கு இந்த எண்ணிக்கை தேவையே இல்லை. ஒருவர் வேலை செய்தாலும் சம்பளத்தில் முதலாளி பங்காக 12 வீதமும் தொழிலாளி பங்காக 8 வீதமும் கட்டப்படவேண்டும். உங்கள் பங்கைச் சம்பளத்தில் கழிக்காமல் விட்டது முதலாளியின் தவறு. அதையும் சேர்த்து அவரே கட்டவேண்டும். யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்தில் இதை எழுத்தில் முறையிடுங்கள். இன்னொரு சேமிப்பு நிதியான ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான (ETF) 3 வீதமும் அவர் பொறுப்பே.

அப்புறம், வேலை செய்த நாட்களுக்குச் சம்பளப் பாக்கி இருந்தால் தாராளமாக வாங்குங்கள். பற்றுச்சீட்டில் "இன்ன மாதச் சம்பளம்" என்று மட்டும் இருக்கட்டும். "முழுத் தீர்வாக" என்று இருந்தால், அதை வெட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.