பீரோவில் கிடக்கும் பட்டுச்சேலைகளை ஆன்லைனில் விற்கலாமா? அடுத்தவர் உடுத்திய துணியை வாங்கலாமா?

கேட்டவர் மூன்று கேள்விகளை ஒன்றாக முடிந்து கேட்டிருக்கிறார். கல்யாணத்துக்கு எடுத்து ஓரிரு முறை மட்டும் உடுத்திய பட்டுச்சேலைகளையும் குழந்தைக்குச் சிறிதாகிப்போன துணிகளையும் இணையத்தில் விற்கலாமா? அடுத்தவர் உடுத்தியதை நாம் வாங்கி உடுத்துவது சரியா? இதில் ஏமாற்றுக்காரர்கள் உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றுதான் சொல்வேன்.

எனக்கு ஊர் திருநெல்வேலி மாவட்டத்து விக்கிரமசிங்கபுரம். ஆறு ஆண்டுகளாகப் பழைய துணிகளை வாங்கவும் விற்கவும் செய்கிறேன். கடை எதுவும் கிடையாது. பெண்கள் மட்டுமே இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும்தான் எல்லாம் நடக்கிறது. அம்பை, கடையம், தென்காசி, பாளையங்கோட்டை என்று சுற்றுவட்டாரத்தில்தான் பெரும்பாலும் போகும். நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் வாழும் மும்பை தாராவிக்கும் சில பார்சல்கள் போயிருக்கின்றன.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பலரும் அந்த இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள். நம் வீடுகளில் பிறந்த குழந்தையின் உடம்பில் முதலில் படுவது எந்தத் துணி? தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுகிறோம். ஆச்சியின் பழைய நூல் சேலையில்தான் தொட்டில் கட்டுகிறோம். நூறு முறை துவைத்து, கஞ்சியும் முரட்டுத்தனமும் போன நூல்துணிதான் பச்சை உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. தாத்தாவின் ஆயுசும் சேர்ந்து வரும் என்றும் சொல்வார்கள். அப்படித் தொடங்கியவர்கள் நாம். பெரியம்மா மகளின் பாவாடை தாவணியைப் போட்டு வளர்ந்தவர்களும் நாம்தான். வாங்குகிற வட்டம் சொந்தக்காரர்களைத் தாண்டிப் பெரிதாகியிருக்கிறது, அவ்வளவே.

இன்னொரு காரணமும் எனக்கு உண்டு. எங்கள் வீட்டிலிருந்து பாபநாசம் படித்துறை பக்கம். தாமிரபரணியில் குளித்துவிட்டு, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போனால் பாவமும் தோஷமும் போகும் என்று வெளியூர்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். ஆடி அமாவாசை கழிந்த மறுநாள் ஆற்றில் இறங்கினால் காலில் துணி சுற்றும். பாறை இடுக்கெல்லாம் சேலைகளும் சட்டைகளும். தன்னார்வலர்கள் டன் கணக்கில் இழுத்துக் கரையில் போட்டிருக்கிறார்கள். என் அப்பா இங்கே பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். 1880-களில் பாபநாசத்துத் தண்ணீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மில் அது. நூல் அறுந்தால் ஓடிப்போய் முடிபோட்டு ஒட்டுவதே அவருக்குப் பிழைப்பாக இருந்தது. அந்த மனிதர் படித்துறையில் நின்று நனைந்த துணிக்குவியலைப் பார்த்து ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பி நடந்ததை நான் மறக்கவில்லை.

இறந்தவர்களின் துணி விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருக்கிறேன். விற்கும்போது அதை மறைக்கவே கூடாது. சிலருக்கு அது பொருட்டில்லை. சிலருக்கு மனம் ஒப்பாது. அந்த மனத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். உள்ளாடை எதையும் நான் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை.

இனி விற்பது. நான் முதலில் விற்றது என் மகளின் பட்டுப்பாவாடை. நெல்லை டவுன் வடக்கு ரத வீதியில் 5,400 ரூபாய்க்கு எடுத்தது. அக்கா மகன் கல்யாணத்துக்கு ஒரு முறையும் ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்கு ஒரு முறையும் போட்டாள், அதற்குள் வளர்ந்துவிட்டாள். கீழ்க் கரைக்குச் சற்று மேலே ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குப் பாயசக் கறை. அந்தக் கறையைத்தான் முதல் படமாகப் போட்டேன். வீட்டில் அத்தைக்கு அது பிடிக்கவில்லை. குறையை யாராவது முன்னால் நிறுத்துவார்களா என்று கேட்டார். இரண்டு நாள் யாரும் பேசவில்லை. மூன்றாம் நாள் முக்கூடலிலிருந்து ஒரு பெண் அழைத்தார். பீடி சுற்றுகிறவர். மகளுக்குக் கொடைக்கு வேண்டும் என்றார். “கறை உள்பக்கமும் தெரிகிறதா அக்கா? இடுப்புக்குக் கீழே டக் பிடித்துத் தைத்திருக்கிறதா?” என்று கேட்டார். மூன்று அங்குல டக் இருந்தது. பிரித்துவிட்டால் இன்னும் இரண்டு வருடம் போடலாம். 1,800 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். பேரம் பேசவில்லை. கறையையே காட்டிய பிறகு வேறு எதை மறைக்கப்போகிறீர்கள் என்றார்.

அன்றிலிருந்து எனக்கு இது ஒன்றுதான் முறை. குறை முதல் படம், அழகு இரண்டாம் படம். சேலையானால் முந்தானை, உடல், கரை, கொசுவம் வருகிற இடம், ஃபால்ஸ் தைத்த அடிப்பக்கம் என்று பகல் வெளிச்சத்தில் தனித்தனியாக எடுங்கள். நீளத்தை அளந்து எழுதுங்கள். ப்ளவுஸ் துணி வெட்டியாகிவிட்டதா என்பதையும் சொல்லுங்கள். கொக்கி ஊசியால் பூவேலை செய்த ஆரி ப்ளவுஸ் என்றால் கக்கத்து உள்பக்கத்தைத் திருப்பிப் படம் எடுங்கள். வியர்வையில் லைனிங் மஞ்சளாகிப்போவது அங்கேதான். பக்கத்தையலுக்கு உள்ளே எத்தனை அங்குலம் துணி விட்டிருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். அது இருந்தால் வாங்குகிறவர் பிரித்துத் தைத்துக்கொள்வார். இல்லாவிட்டால் அந்த ப்ளவுஸ் தனியாகப் போகாது, சேலையோடு சேர்த்துத்தான் கொடுக்க முடியும். 4,000 ரூபாய் கூலி கொடுத்த ஆரி வேலைக்கு எனக்குக் கிடைத்தது 700. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் மனம் வருந்தக் கூடாது. நல்ல நிலையில் உள்ள பட்டுக்கு எடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் கொடுத்துவிடுங்கள். நூல் சேலைக்கும் சுடிதாருக்கும் கால் பங்கு.

காலமும் முக்கியம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகிறவர்களும், சித்திரையிலும் ஆடியிலும் கொடை நடத்துகிற ஊர்க்காரர்களும் மூன்று வாரம் முன்பே தேடத் தொடங்குவார்கள். தீபாவளிக்குப் பழையது போகாது. அன்று எல்லோருக்கும் புதுத்துணிதான் வேண்டும்.

வாங்கும்போது நான் பட்ட அடி ஒன்று உண்டு. அரக்கு நிறப் பட்டு, படத்தில் கண்ணைப் பறித்தது. 3,500 ரூபாய் அனுப்பினேன். பார்சலைப் பிரித்து மடிப்பை விரித்தபோது, மடிப்புக் கோட்டிலேயே பட்டு இற்றுப் பிளந்தது. பல வருடம் ஒரே மடிப்பில் கிடந்த சேலைக்கு இதுதான் நேரும். விற்றவர் அன்றே என் எண்ணைத் தடுத்துவிட்டார். அன்றிரவு தூக்கம் வரவில்லை. பணத்தைவிட அந்தச் சேலையை யாரோ நெய்த உழைப்பு மடிப்பில் போனதுதான் வலித்தது. அதற்குப் பின், மடிப்பை முழுவதும் விரித்து, சன்னலுக்கு எதிரே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு வீடியோ அனுப்பச் சொல்லாமல் நான் பட்டு வாங்குவதில்லை. நூல் விலகிய இடமெல்லாம் அதில் தெரிந்துவிடும். உங்களிடம் இருக்கும் சேலைகளையும் இன்றே எடுத்து மடிப்பை மாற்றிப் போடுங்கள். பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டுப் பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். அந்து உருண்டை ஜரிகையில் நேரடியாகப் படக் கூடாது, செண்ட் அடிக்கவும் கூடாது, ஜரிகை கறுத்துவிடும்.

பட்டு என்று சொன்னதெல்லாம் பட்டாக இருக்காது. முந்தானை நுனியிலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகும் வாடையோடு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி மணி போலக் கெட்டியாகும். ஜரிகையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிவது அசல் ஜரிகையின் அடையாளம். “பழைய பட்டுச்சேலை வாங்குகிறோம்” என்று தெருவில் கூவி வருபவர்கள் தேடுவது அதிலுள்ள வெள்ளியைத்தான். சேலையை எரித்து வெள்ளியைப் பிரித்துவிடுவார்கள். அத்தையின் முகூர்த்தப் பட்டும் அப்படிப் போக இருந்தது. எடைக்கு எரிகிற கதி அதற்கு வேண்டாம் என்று நான் தடுத்தேன். இப்போது அது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆசிரியையிடம் இருக்கிறது. கரையை மட்டும் வெட்டி வேறு சேலையில் வைத்துத் தைத்திருக்கிறார். அத்தை அந்தப் படத்தைக் கைபேசியில் வைத்திருக்கிறார்.

ஏமாற்றுக்காரர்கள் பற்றி: சேலையின் நிறத்தைக்கூடக் கேட்காமல், சொன்ன விலைக்கே ஒப்புக்கொள்கிறவரைக் கண்டால் விலகுங்கள். என்னிடம் வந்தவர் தான் ராணுவத்தில் இருப்பதாகச் சொன்னார். பணம் வரவேண்டுமென்றால் இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து உங்கள் யுபிஐ பின் (PIN) எண்ணைப் போடுங்கள் என்றார். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. பின் போட்டால் உங்கள் பணம்தான் போகும். தவறிப் போட்டுவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. அருகில் இருப்பவர் என்றால் பஸ் நிலையம் போல ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் நேரில் கொடுத்துவிடுவேன். தூரமென்றால், பொட்டலம் கட்டுவதை நானும் பிரிப்பதை அவரும் வீடியோ எடுக்கிறோம்.

விலை போகாத துணிகளும் இருக்கும். உடுத்தத் தக்கவற்றைத் துவைத்து, பொத்தான் தைத்து, இருப்பவர் வைத்துவிட்டுப் போக வேண்டியவர் எடுத்துக்கொள்ளும் அன்புச் சுவருக்குக் கொடுங்கள். மாவட்ட நிர்வாகம் 2017-இல் அப்படி ஒன்றைப் பாளையங்கோட்டையில் திறந்தது. கிழிந்த நூல்துணியை வண்டிப் பட்டறைக்காரர்கள் எண்ணெய் துடைக்க வாங்கிக்கொள்வார்கள்.

அந்த முக்கூடல் பெண் இப்போது எங்கள் குழுவில் இருக்கிறார். போன பங்குனியில் அந்தப் பட்டுப்பாவாடை குழுவுக்குத் திரும்பி வந்தது. அவர் மகளும் வளர்ந்துவிட்டாள். டக் பிரித்த இடத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. அந்தக் கோடு முதல் படம், பழைய பாயசக் கறை இரண்டாம் படம். 1,000 ரூபாய் என்று போட்டிருந்தார். அன்று மாலைக்குள் கடையத்துக்குப் போய்விட்டது.