தை மாதத்தில் ராமநாதபுரம் கடற்கரையோரம் காரில் சுற்ற மூன்று நாள் போதுமா? ராமேசுவரம் தவிரப் பார்ப்பதற்கு அங்கே என்னதான் இருக்கிறது?

கேள்வியின் முதல் பாதிக்கு விடை எளிது: போதும். இரண்டாம் பாதிதான் என்னை எழுத வைத்தது. இந்த மாவட்டத்துத் தொண்டிக்குப் பக்கத்தில் பிறந்து, பிழைப்புக்காக மதுரையில் இருப்பவன் நான். "தண்ணியில்லாக் காடு", "அங்கே மாற்றலாகிப் போவது தண்டனை" என்ற பேச்சைச் சிறுவயதிலிருந்து கேட்டுக் கேட்டு மனம் புண்பட்டிருக்கிறது. அப்படிச் சொல்லும் ஒருவராவது தை மாதத்தில் சாயல்குடிப் பக்கம் வந்து, நிறைந்து நிற்கும் கண்மாயின் கரையில் அரைமணி நேரம் நின்று பார்த்திருப்பாரா என்று நினைத்துக்கொள்வேன்.

நீங்கள் குடும்பத்துடன் சொந்தக் காரில், பொங்கல் விடுமுறையை ஒட்டி வருவீர்கள் என்றும், பறவை பார்ப்பது, படம் வரைவது போன்ற ஏதோ ஒரு பொழுதுபோக்கு உங்களுக்கு உண்டு என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ராமேசுவரம் கோயிலைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அந்த மூன்றாம் பிராகாரத்தில் நடக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். ஆனால் 200 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் இந்த மாவட்டத்துக் கடற்கரையில் கோயிலும் தனுஷ்கோடியும் மட்டும் பார்த்துவிட்டு, அன்று இரவே ஊர் திரும்புகிறவர்களுக்காக வருத்தப்படாமல் இருக்க முடியவில்லை.

சென்ற தை மாதம் அப்பா, மனைவி, மகள் ஆகியோருடன் சென்றதைச் சொல்கிறேன். அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மீனவர்கள் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் சொல்லும் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிச் சேர்ப்பது அவருடைய வழக்கம். மகள் பறவைகளை வரைவாள். நான் பதினைந்து ஆண்டுகளாகத் தொலைநோக்கியும் கையுமாகச் சுற்றுபவன், அவ்வளவுதான். பறவையியல் படித்தவன் அல்லன். பெயரில் பிழை இருந்தால் அறிந்தவர்கள் திருத்தட்டும்.

எல்லோரும் முதலில் ராமேசுவரத்துக்கு ஓடுவார்கள். நாங்கள் தென்மேற்கிலிருந்து தொடங்கினோம். முதல் நாள் சாயல்குடிப் பக்கத்திலுள்ள மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் கண்மாய்கள், பிறகு ஏர்வாடி, கீழக்கரை. கீழக்கரையில் தொதல் என்னும் இனிப்பு வாங்காமல் நகர என் மனைவி சம்மதிக்க மாட்டாள். கண்மாய்க்குள் நீரில் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டியிருந்தன. முதுகுளத்தூர்ப் பக்கத்திலுள்ள சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களும் இதே போன்றவைதாம். அவ்விரண்டும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக 2022இல் அறிவிக்கப்பட்டவை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஐப்பசி, கார்த்திகையில் மழை பொய்த்திருந்தால் கண்மாய் நிறைந்திருக்காது, நீர் இல்லாத மரத்தில் நாரை கூடு கட்டாது. அந்த ஆண்டு இந்தப் பகுதியை விட்டுவிட்டு நேரே கடலுக்குப் போய்விடுங்கள்.

இரண்டாம் நாள் பாம்பன் வழியாகத் தனுஷ்கோடி. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தைச் சாலைப் பாலத்தின் மேலிருந்து பார்க்கலாம். நாங்கள் போனபோது அதன் பக்கத்தில் 1914ஆம் ஆண்டின் பழைய பாலமும் நின்றது. தயவுசெய்து நடுப்பாலத்தில் காரை நிறுத்தாதீர்கள்.

தனுஷ்கோடியில் ஒருபுறம் பாக் நீரிணைப்புக் கடல், மறுபுறம் மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் உள்ளூரில் சொல்வார்கள். ஒன்று அமைதியானது, மற்றது ஆர்ப்பரிப்பது. ஆனால் நாங்கள் போன அன்று வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து ஏறி அடித்ததால் பெண்கடல் கலங்கி நுரைத்துக்கொண்டிருக்க, ஆண்கடல் தணிந்து கிடந்தது. வலை காயவைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அப்பாவிடம், "வாடைக்கு வடக்க கலங்கும், கச்சானுக்குத் தெக்க கலங்கும், ரெண்டும் ஒண்ணா அடங்கி நான் பாத்ததில்லைங்கய்யா" என்றார். கச்சான் என்பது தென்மேற்கிலிருந்து வரும் காற்று. அப்பா அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். ஆகவே குளிர்காலத்தில் கரையோரமாகப் படகில் போகும் எண்ணம் இருந்தால் முதலில் காற்றைக் கேளுங்கள். வாடை வலுத்த நாளில் வடக்குக் கரையில் படகை நம்பித் திட்டம் போடுவது வீண்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வந்த புயலில் ஊரும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலும் அழிந்த கதையை எல்லோரும் அறிவார்கள். எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவரை மட்டும் மிக அருகில் போய்ப் பாருங்கள். பவளப்பாறைக் கல்லில் கட்டியது அது. கல்லின் முகத்தில் தேன்கூட்டைப் போல நெருக்கமாகச் சிறுசிறு கண்கள், ஒவ்வொரு கண்ணும் ஒரு காலத்தில் ஓர் உயிர் குடியிருந்த அறை. என் மகள் அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அந்த அச்சை எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்த அளவுக்குத்தான். கடற்கரையில் உதிர்ந்து கிடக்கும் பவளத் துண்டானாலும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

அங்கே சாலையோரம் ஒதுங்கி நிறுத்தியபோது எங்கள் காரின் பின்சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. நான் பதறி முடுக்கினேன். "மிதிக்காதீக தம்பி, மிதிக்க மிதிக்க உள்ளதான் போகும்" என்று சொல்லிக்கொண்டே நான்கு மீனவர்கள் வந்து, சக்கரத்தில் பாதிக் காற்றை இறக்கி, அடியில் பனை மட்டைகளைச் செருகித் தள்ளிவிட்டார்கள். பணம் வாங்க மறுத்துவிட்டார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திரும்பும் வழியில், கோதண்டராமர் கோயிலுக்கு அருகே ஆழமில்லாத நீர்ப்பரப்பில் பூநாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. நாங்கள் சாலையிலேயே நின்றோம். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்துச் சலித்துத் தின்னும் பறவை அது. மகள் ஒன்றைக் காலிலிருந்து வரையத் தொடங்கினாள், இரண்டு காலும் வயிறும் தாளில் வந்திருந்தன. அந்த நேரத்தில் ஒரு பெரிய கார் சாலையை விட்டிறங்கி ஈரச் சேற்றுத் தரையின் மேலேயே ஓடி, அவற்றுக்கு மிக அருகில் போய் ஒலிப்பானை அடித்தது. கூட்டம் முழுவதும் எழுந்து பறந்தது. காரில் இருந்தவர்கள் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

என்னை மிகையாகப் பேசுகிறவன் என்று சிலர் சொல்லக்கூடும், சொல்லட்டும். அவ்வளவு தூரம் பறந்து வந்த பறவை இந்தச் சில மாதங்களில் தின்று சேர்த்தால்தான் திரும்பிப் போக முடியும். நாள்தோறும் நான்கு முறை விரட்டினால் அது எப்போது தின்னும்? எங்களை இழுத்துவிட்ட மீனவர்கள் அத்தனை பேரும் அந்தத் தரையை நன்றாக அறிந்தவர்கள். அவர்கள் யாரும் அதில் வண்டி இறக்கி நான் பார்த்ததில்லை.

ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். எட்டுப் பறவைகள் திரும்பி வந்து வெகுதொலைவில் இறங்கின. இருட்டிவிட்டதால் மகளால் வரைய முடியவில்லை. மூன்றாம் நாளுக்குத் தேவிபட்டினத்துக் கடலுக்குள் நவக்கிரகங்களாக வழிபடப்படும் கற்களான நவபாஷாணமும் காரங்காட்டு அலையாத்திக் காடும் வைத்திருந்தோம். இரண்டையும் அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு, விடிந்ததும் அதே இடத்துக்கே போனோம். வாடை தணிந்திருந்தது, சாலையில் வண்டிகளும் இல்லை. எட்டு மணிக்குள் அவள் படத்தை முடித்துவிட்டாள்.