இரவு வேலைக்குப் பிறகு சிக்கனும் சிப்ஸும்

தம்பி, லண்டனுக்கு வந்து நாலு மாதம், இரவு வேலை முடிந்ததும் தினமும் மாவில் தோய்த்துப் பொரித்த சிக்கனும், நீளமாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு சிப்ஸும்தான், கோழியில் சத்து இருக்குத்தானே என்று கேட்டிருந்தீர்கள்.

கோழியில் சத்து இருக்கிறது. சமைத்த இறைச்சி நூறு கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம். கெடுதல் அதைப் போர்த்திருக்கிற மாவில். பொரியும்போது தண்ணீர் வெளியேற, அந்த இடத்துக்கு எண்ணெய் ஏறும். எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி. சிப்ஸ் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு எண்ணெய் குடிக்கும். ரெண்டு துண்டு சிக்கனும் ஒரு பெட்டி சிப்ஸும் சேர்ந்தால் ஆயிரம் கலோரி அளவில் வந்துவிடும். ஆணுக்கு ஒரு நாளைக்கு 2,500 போதும் என்கிறார்கள். கூடவே குடிக்கிற 330 மில்லி கோலாவில் 35 கிராம் சீனி. நாள் முழுவதுக்குமான அளவே 30 கிராம்தான்.

பெரிய உணவகங்களில் கலோரி எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2022 ஏப்ரலில் இங்கிலாந்தில் வந்த சட்டம் அது. மொத்தம் 250 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தாது. அதனால் எங்கட தெருமுனைக் கடையில் அந்தக் கணக்கு இராது.

நானும் வந்த புதிதில் கிடங்கில் இரவு வேலை. ஒரு மணிக்குத் திறந்திருப்பது சிக்கன் கடை ஒன்றுதான், உள்ளே போனால் தமிழில் கதைக்க ஒரு பொடியன் நிற்பான். அந்த ஆறுதலுக்காகவே போனேன். ரெண்டு வருசம். உடம்பு மெலிவு, வயிறும் வைக்கவில்லை, எனக்கென்ன என்றிருந்தேன். ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி, அதாவது கடந்த ரெண்டு மூன்று மாதத்தின் சராசரி ரத்தச் சீனி அளவு, 44 என்று வந்தது. 42இலிருந்து 47 வரை சலரோகத்தின் (நீரிழிவின்) வாசற்படி. எனக்கு அப்போது 31 வயது. தெற்காசியருக்கு அந்த வருத்தம் இளவயதிலேயே, குறைந்த எடையிலேயே வரும். உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் உடல் நிறை குறியீட்டில் வெள்ளைக்காரருக்கு எச்சரிக்கை 25இல், எங்களுக்கு 23இல்.

ஞாயிற்றுக்கிழமை ரெண்டு கிலோ கோழித்தொடையைத் தோலுரித்துக் கறி வையுங்கள். சின்னப் பெட்டிகளில் பிரித்து ஃப்ரீசரில் போட்டால் கிழமை முழுக்கக் காணும். வேலைக்குப் போக முன் சோறும் பருப்பும் வைத்தால், வந்து சூடாக்கினால் போதும். கடைக்குப் போகிற நாளில் கிரில் செய்த கோழியாகக் கேளுங்கள், குடிக்கத் தண்ணீர் எடுங்கள்.

ஜிபியிடம் (குடும்ப டாக்டரிடம்) இன்னும் பதியவில்லை என்றால் இந்தக் கிழமையே பதியுங்கள். அம்மா அப்பாவுக்குச் சலரோகம் இருந்தால் அதைச் சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். இலவசப் பரிசோதனைக்கு ஜிபி தரப்பிலிருந்து தாங்களாகக் கூப்பிடுவது 40 வயதில்தான். அதுவரை காத்திருக்க வேண்டாம்.