வாசனை தெரியாமல் போனால் மூளை நோயா?

கேள்வி (மயிலாப்பூர்): டாக்டர், அப்பாவுக்கு 68 வயது. டிகாக்ஷன் இறக்கினால் தெருவுக்கே மணக்கும், அவருக்கு மட்டும் ஒரு வருஷமாகத் தெரியவில்லை. சளியும் இல்லை. கை நடுக்க நோயான பார்க்கின்சனாக இருக்குமா?

பதில்: வாசனை போனதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாதும்மா. சைனஸ், மூக்கில் சதை, எப்போதோ வந்த கோவிட், தலையில் பட்ட அடி, வயசு, எதுவும் காரணமாகலாம். முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். அங்கே ஒன்றும் இல்லை என்றால் அம்மாவிடம் கேளுங்கள், அப்பா தூக்கத்தில் கனவுக்குத் தகுந்தபடி கத்துகிறாரா, கையை வீசி அடிக்கிறாரா என்று. நாள்பட்ட மலச்சிக்கல், பொடியாகிப்போன கையெழுத்து, நடக்கும்போது வீசாமல் உடம்போடு நிற்கும் ஒரு கை, இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்திருந்தாலும் நரம்பு டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (பெரம்பூர்): கை நடுக்கத்துக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம் சார்?

பதில்: பார்க்கின்சன் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வாசனை குறைந்திருக்கும், பலருக்கு நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்னாலேயே. இந்த நோயில் ஆல்பா சைனூக்ளின் என்ற புரதம் நரம்பு செல்லுக்குள் திரண்டு படிகிறது. ஜெர்மனியின் ஹைகோ பிராக் குழு இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து, அந்தப் படிவு முதலில் வாசனையை வாங்கும் ஆல்ஃபாக்டரி பல்பிலும் மூளைத்தண்டின் அடியிலும் தெரிகிறது, உடம்பசைவைப் பார்த்துக்கொள்ளும் பகுதிக்கு அப்புறம்தான் போகிறது என்று 2003இல் சொன்னது. எல்லோருக்கும் இதே வரிசையில் நடப்பதில்லை. ஞாபக மறதி நோயான அல்சைமரிலும் மூக்கு சீக்கிரம் பாதிக்கப்படும், ஆனால் பல நேரம் வேறு மாதிரி: மல்லிகைச் சரத்தை முகர்ந்துவிட்டு "நல்லா மணக்குது, இது என்ன பூ?" என்பார்கள். மணம் வருகிறது, பெயர் வருவதில்லை.

கேள்வி (வேளச்சேரி): மூக்குப் பயிற்சி செய்தால் இந்த நோய்களைத் தடுக்கலாம் என்று வாட்ஸப்பில் வந்தது. உண்மையா?

பதில்: தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு, இந்த நான்கையும் காலையும் மாலையும் 12 வாரம் முகர்வது ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மெல் குழு 2009இல் வெளியிட்ட முறை. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வாசனை போனவர்களில் பலருக்கு உதவுகிறது. செய்யுங்கள், ஆனால் அதை நம்பி டாக்டரைப் பார்க்காமல் இருக்காதீர்கள்.

கேள்வி (தாம்பரம்): அம்மா தனியாக இருக்கிறார், வாசனை சுத்தமாகத் தெரியாது. என்ன செய்யட்டும்?

பதில்: இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். சமையல் கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது, கசிந்தால் தெரிய வேண்டும் என்றே நாற்றத்தைச் சேர்க்கிறார்கள், அது அம்மாவுக்கு எட்டாது. கேஸ் கசிவு அலாரம் ஒன்று வாங்கி தரைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள், சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், கீழேதான் தங்கும். சமைத்து முடித்ததும் ரெகுலேட்டரை மூடச் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கும் குழம்பு, மாவு டப்பாவில் தேதி எழுதி ஒட்டுங்கள். பக்கத்து வீட்டிலும் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.