‘செறிவூட்டப்பட்டது’ என்று பொட்டலத்தில் போட அரசே அனுமதித்தால், அது சத்தான உணவு என்றுதானே பொருள்?

இல்லை. மாவு ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். குறிப்பிட்ட சத்து குறிப்பிட்ட அளவில் கலக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் சொல்வதில்லை.

கோதுமையை வெள்ளை மாவாக அரைக்கும்போது தவிடும் முளையும் கழிகின்றன. அவற்றோடு இரும்பும் பி வகை வைட்டமின்களும் பெருமளவு போய்விடுகின்றன. போனதில் சிலவற்றைத் திருப்பிச் சேர்க்கச் சொல்வது ஒரு வகை விதி. உணவில் போதிய அளவு இல்லாததைச் சேர்க்கச் சொல்வது இன்னொரு வகை. 1922இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய அயோடின் உப்பு அப்படிப்பட்டது. உப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் கெட்டிக்காரர்கள். எல்லார் வீட்டிலும் இருக்கும், யாரும் அளவுக்கு மீறித் தின்ன மாட்டார்கள்.

அமெரிக்காவில் 1998 முதல், செறிவூட்டிய மாவில் 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் என்ற பி வகை வைட்டமின் இருந்தாக வேண்டும். அது குறைந்தால், பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகும் கருவின் நரம்புக் குழாய் சரியாக மூடாமல் போகலாம். அந்தக் குழாய் முதல் நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்கிறது. கர்ப்பம் என்று பல பெண்களுக்குத் தெரிவதே அதற்குப் பிறகுதான். மாத்திரையை மட்டும் நம்பாமல் மாவில் கலப்பது அதனால்தான்.

கணக்குப் போட்டால் இது ஒரு டன் மாவுக்கு ஒன்றரை கிராம்கூட வராது! அதைச் சீராகப் பரப்புவது எவ்வளவு பெரிய பாடு என்பது விதியைப் படித்தால் தெரியாது. சத்துக் கலவையில் இரும்பும் இருப்பதால், மாவின் மேல் ஒரு ரசாயனக் கரைசலை விடுவோம். இரும்பு இருக்கும் இடமெல்லாம் சிவப்புப் புள்ளி தோன்றும். ஒருநாள் ஒரு மாதிரியில் புள்ளியே இல்லை, அடுத்ததில் அம்மை போட்டதுபோல் திட்டுத்திட்டாக இருந்தது. கலவையைக் கொட்டும் கருவி அடைத்துக்கொண்டிருந்தது. மூட்டைகளில் ‘செறிவூட்டப்பட்டது’ என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

அளவு கூடினாலும் ஆபத்துதான். 1950களில் பிரிட்டனில் குழந்தை உணவுகளில் வைட்டமின் டி மிகுந்து, சில குழந்தைகளின் ரத்தத்தில் கால்சியம் ஏறியது. பிறகு அளவைக் குறைத்தார்கள்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் அமெரிக்காவின் ‘ஜெல்லி பீன் விதி’யில் இருக்கிறது. ஜெல்லி பீன் என்பது ஒரு வகை மிட்டாய். பெயர் வேடிக்கையானது, விதி கறாரானது. நோய்த் தடுப்பு குறித்த கூற்றுகளைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டுமானால், பொதுவாக அந்த உணவில் வைட்டமின் சி, இரும்பு, புரதம், நார்ச்சத்து போன்றவற்றில் ஒன்றாவது குறைந்தபட்ச அளவில் இயல்பாகவே இருக்க வேண்டும்; பின்னால் சேர்த்தது கணக்கில் வராது. மிட்டாயில் வைட்டமினைத் தூவினாலும் மிட்டாய் மிட்டாய்தான் என்று ஓர் அரசு சட்டமாகவே எழுதி வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.