தாத்தா முகத்தில் பிளேடு வைக்கும் முன்

தம்பி, இஸ்ரேலில் பினெய் பிராக் என்ற ஊரில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருக்கிறது, வேலைக் குறிப்பில் 'தினமும் சவரம்' என்று இருக்கிறது, ஊரிலிருந்தே நல்ல பிளேடாக வாங்கி வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே சம்பளம், குளிர், சாப்பாடு, ஹீப்ரு என்று ஐந்தாறு கேள்விகள். அதெல்லாம் வந்தால் தானாகப் பழகிவிடும், சொல்லித் தரவும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சவரத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தெரியாமல் வந்த வாரமே வீட்டை விட்டு அனுப்பப்பட்ட பையன்களை எனக்குத் தெரியும்.

மத ஒழுங்கோடு வாழும் யூதர் முகத்தில் பிளேடு படக் கூடாது. லேவியராகமம் 19:27இல் தாடியின் ஓரங்களை அழிக்காதே என்று வருகிறது. 21:5இல் குருமாருக்குச் சொல்லும்போது ஓரங்களை மழிக்காதே என்று வருகிறது. அவர்களுடைய பழைய அறிஞர்கள் இரண்டையும் சேர்த்து வைத்து யோசித்தார்கள்: கத்தரிக்கோல் மழிக்கும், ஆனால் வேரோடு ஒட்ட அழிக்காது, சாமணம் அழிக்கும், ஆனால் அதற்கு மழிப்பது என்று பெயர் இல்லை, இரண்டையும் செய்வது சவரக்கத்திதான். ஆகவே தடை கத்திக்கு. தாடிக்கு ஐந்து ஓரம் என்று அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா கணக்குச் சொல்கிறது. அந்த ஐந்தும் முகத்தில் சரியாக எந்தெந்த இடம் என்பதில் பின்னால் வந்தவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. அதனால் 1565இல் அச்சான ஷுல்ஹான் அரூஹ் என்ற சட்ட நூல், கடவுள் பயம் உள்ளவர் தாடி முழுவதிலுமே கத்தி வைக்காமல் இருக்கட்டும் என்று முடித்துவிட்டது.

"நான் யூதன் இல்லையே அண்ணா, நான் வைத்தால் என்ன" என்று நினைக்காதீர்கள். முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கும் அந்தத் தடை உண்டு. கை நடுங்கும் பெரியவர், நீங்கள் என்ன எடுக்கிறீர்கள் என்றுகூடப் பார்க்க முடியாதவர், அவருடைய வாழ்நாள் ஒழுக்கம் உங்கள் கையில் இருக்கிறது.

அப்போது முகம் வழித்த ரப்பிகளே, அதாவது யூத மத ஆசான்களே, இருக்கிறார்களே என்றால், அவர்கள் மின்சார சவர மெஷின்காரர்கள். மெஷினில் பிளேடு நேராகத் தோலைத் தொடாது, வலைத்தகடுக்கு உள்ளே ஓடி, கத்தரிக்கோல் போல முடியை நறுக்கும் என்பது அனுமதிப்பவர்கள் வாதம். நியூயார்க்கில் இருந்த ரப்பி மோஷே ஃபைன்ஸ்டைன் சில மெஷின்களை அனுமதித்ததாக அவர் வழி வந்தவர்கள் சொல்கிறார்கள். நீங்கள் வரப்போகும் பினெய் பிராக்கிலேயே வாழ்ந்து 1953இல் மறைந்த ஹசோன் இஷ் என்ற பெரிய ரப்பி, மெஷினும் கூடாது என்றவர். முடியை மேலே தூக்கிவிட்டு ஒட்ட வெட்டும் மெஷின்களில்தான் சண்டை அதிகம். அந்தத் தூக்கும் பகுதியைக் கழற்றிக் கொடுக்கவே ஆட்கள் இருக்கிறார்கள். ஆகவே ஊரிலிருந்து மெஷினும் வாங்கி வராதீர்கள். அந்த வீட்டில் எது இருக்கிறதோ அதுதான்.

தாத்தா ஹசிதியர் என்ற பக்திப் பிரிவைச் சேர்ந்தவர் என்றால் கதையே வேறு. அவர்களுக்குத் தாடியே புனிதம், பெரும்பாலும் நுனியைக்கூட நறுக்க மாட்டார்கள். இஸ்ரேலின் வடக்கே சஃபேத் ஊரில் 1572இல் மறைந்த, 'அரி' என்று அழைக்கப்பட்ட யூத ஞானி, முடி உதிர்ந்துவிடுமோ என்று தாடியைக் கையால் தொடவே தயங்குவார் என்று சொல்வார்கள். சீப்பு போடுவதற்குக்கூட அங்கே கேட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும். கிருதாவையும் ஒட்ட எடுத்துவிடாதீர்கள், அது தனிச் சட்டம், எல்லாப் பிரிவினருக்கும் உண்டு. ஹசிதியரில் பல வீடுகளில் ஆண்பிள்ளைக்கு மூன்று வயதில்தான் முதல் முடி வெட்டு, நாம் பழனியில் முடி இறக்குவது போல மெரோன் என்ற புனிதத் தலத்துக்கு எடுத்துக்கொண்டு போவார்கள், ஆனால் காதோர முடியை மட்டும் விட்டுவிடுவார்கள்.

நம் ஆட்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. சனிக்கிழமை டெல் அவிவ் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கூடும்போது பாருங்கள், பத்து வருஷம் இருந்தவர்களே "கறுப்புத் தொப்பிக்காரர்கள் எல்லாம் ஒன்றுதான்" என்பார்கள். தினமும் சோறு ஊட்டிக் குளிப்பாட்டுகிற மனிதர் எந்த வழியைச் சேர்ந்தவர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாதது என்ன வேலை? நான் ஹீப்ரு படித்ததே என் முதல் வீட்டுத் தாத்தாவின் நாட்காட்டியைப் பார்த்துத்தான். வாராந்திர ஓய்வுநாளான சபாத்தில் சவரம் கிடையாது. பண்டிகையின் நடுநாட்களிலும் கிடையாது. பாஸ்கா பண்டிகையை ஒட்டி எண்ணத் தொடங்கும் ஓமர் என்ற நாட்களில் பலர் 33ஆம் நாள் வரை முகத்தைத் தொட மாட்டார்கள். கோடையில் எருசலேம் கோயில் இடிந்த துக்கத்துக்கு அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி யூதர்) வீடுகளில் மூன்று வாரம், செஃபார்டி (ஸ்பெயின், கீழை நாடுகள் வழி யூதர்) வீடுகளில் பெரும்பாலும் அந்த இடிப்புக்கான நோன்பு விழும் வாரம் மட்டும்.

என் முதல் வீட்டுத் தாத்தா மெஷின் போடுகிறவர். பாட்டி இறந்தபோது முப்பது நாள் மெஷினை எடுக்கவில்லை. ஏஜென்சி மேற்பார்வையாளர் வந்து, பெரியவரைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை என்று என் மேல் புகார் எழுதிக்கொண்டு போனார். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு அனுப்புகிறவர்கள், துக்க வீட்டில் தாடி வளரும் என்பதைக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை. தாத்தாவே ஃபோனைக் கேட்டு வாங்கி, இவன் எனக்காகச் சரியாகத்தான் செய்கிறான் என்று அரைமணி நேரம் சத்தம் போட்டார். மகன்களுக்கு அம்மா என்பதால் இன்னும் நீளம்: நண்பர்கள் பார்த்து 'என்ன இது, போதும்' என்று கடிந்துகொள்ளும் வரை வழிக்கக் கூடாது. பெரியவருக்கு முப்பது நாள் முடிந்து நான் வழித்துவிட்ட பிறகும் பிள்ளைகள் புதர் மாதிரி வந்து போனார்கள். ஒருநாள் ஜெப ஆலயத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள் என்று மூத்தவர் முகம் வழித்து வந்து நின்றார், தாத்தாவுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

உங்கள் குறிப்பில் இருக்கும் 'தினமும் சவரம்' எல்லா வீட்டுக்கும் ஏஜென்ட் அடிக்கும் ஒரே தாள். வந்த அன்றே மகனிடமோ மகளிடமோ கேளுங்கள்: மெஷின் உண்டா, எந்த மெஷின், மீசை வாயில் விழுந்தால் கத்தரிக்கலாமா, எந்த நாட்களில் கூடாது. பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் கொடுத்து வைக்காதீர்கள், அது இங்கே சட்டப்படியே குற்றம். ஸ்வெட்டர் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.