கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புகிறாள்

கேள்வி: எனக்கு ஈரோடு. மனைவி மிசோரம் பெண். பெங்களூரில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தபோது பழகி, 5 வருடங்களுக்கு முன் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். இப்போது அம்மாவோடு இருக்கிறோம். அவள் பெயர் அம்மாவுக்கு வாயில் நுழையாததால் வீட்டில் எல்லோரும் மலர் என்றே கூப்பிடுகிறோம். தமிழ் நன்றாகப் பேசுவாள். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் ஒரு வருடமாக யாரோடும் ஒட்டாமல் இருக்கிறாள். கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புகிறாள். அம்மா அதைத் திமிர் என்கிறார். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகவேண்டும் என்கிறாள். எனக்கு லீவு இல்லை. எந்நேரமும் 'வைடு சர்காசோ சீ' என்ற நாவலோடு உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் பெண்டாட்டியைப் பைத்தியமாக்கும் கதையாம். அதைப் படித்துத்தான் மனசு கெடுகிறதா? எடுத்து ஒளித்து வைத்துவிடலாமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: தம்பி, நீங்கள் எழுதிய நான்கு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை, உங்கள் மனைவியின் பெயரைத் தேடுவதற்காக. இல்லை. அம்மாவுக்குக் காலையில் எத்தனை யூனிட் இன்சுலின் என்பது இருக்கிறது. வீட்டுக் கடன் எந்த வருடம் முடியும் என்பது இருக்கிறது. 5 வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை.

புத்தகத்தை ஒளிக்காதீர்கள். நீங்களும் படியுங்கள். ஜீன் ரீஸ் எழுதி 1966ல் வந்த நாவல் அது. அவர் கரீபியன் கடலில் உள்ள டொமினிக்கா தீவில் பிறந்து, 16 வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். கதை நடப்பது அந்தத் தீவுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதற்குப் பிந்தைய ஆண்டுகளில். ஜமைக்காவில் நொடித்துப்போன தோட்ட முதலாளியின் மகள் அன்டுவானெட். இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவனுக்கு அவளைக் கட்டிக்கொடுக்கிறார்கள். அவள் பங்கு 30,000 பவுண்டும் எந்த நிபந்தனையும் இல்லாமல் அவன் கைக்குப் போகிறது. அந்த ஊரின் மழை, பச்சை, பூ வாசனை, சமையற்காரி கிறிஸ்டோஃபீனின் பேச்சு எதுவும் அவனுக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததெல்லாம் அவனுக்குப் பயமாகிறது. அவள் குடும்பத்தில் பைத்தியம் உண்டு என்று எவனோ எழுதிய கடிதத்தை நம்பிவிடுகிறான்.

பிறகு அவளை பெர்த்தா என்று கூப்பிட ஆரம்பிக்கிறான். ஏன் என்று கேட்கிறாள். தனக்குப் பிடித்த பெயர் என்கிறான். அது என் பெயரில்லை, வேறு பெயர் சொல்லி என்னை வேறு யாராகவோ ஆக்கப் பார்க்கிறாய், இதுவும் ஒரு சூனியம்தான் என்கிறாள் அவள். கடைசியில் இங்கிலாந்தில் ஒரு வீட்டின் மேல்மாடியில் அடைபட்டுக் கிடக்கிறாள். அந்த அறையில் முகம் பார்க்க ஒரு கண்ணாடிகூடக் கிடையாது. அவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட மறுத்தபோது, அன்டுவானெட் என்பவள் தன் வாசனைத் திரவியங்களோடும் நல்ல உடுப்புகளோடும் ஜன்னல் வழியாக மிதந்து போவதைப் பார்த்ததாக அங்கே நினைத்துக்கொள்கிறாள். நான் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியாமல் புத்தகத்தை மூடிவைத்திருக்கிறேன். உங்கள் மனைவி எதற்காக அதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள் என்று நான் விளக்க வேண்டுமா?

நீங்கள் அவனைப் போலக் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவள் பணத்தை எடுக்கவில்லை, அடைத்து வைக்கவில்லை. ஆனால் கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புகிறாள் என்று புகார் எழுதுகிறீர்களே, அது உங்கள் கையெழுத்தில்தானே இருக்கிறது? அடுப்படியிலிருந்து "மலரு" என்று குரல் வருகிறது. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருக்கிறாள். மறுபடி குரல் வரும்போதுதான் தன்னைத்தான் என்று உறைக்கிறது. 5 வருடம் ஆகியும் அந்தப் பெயர் அவள் காதில் ஏறவில்லை. இதற்குத் திமிர் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்!

வாயில் நுழையவில்லையா? மிசோ பெண்கள் பெயர் 'இ' ஓசையில் முடியும், ஆண்கள் பெயர் 'ஆ'வில் முடியும். நம் மீனாட்சியும் காமாட்சியும் முடிகிற ஓசைதான். 'ழ' என்ற எழுத்தே இல்லாத மொழியிலிருந்து வந்தவள் வாழைப்பழம், கீழ்பவானி வாய்க்கால் என்று சொல்லப் பழகி, உங்கள் அம்மாவை அத்தை என்று கூப்பிடுகிறாள். உங்கள் வீட்டில் மூன்று பேர் சேர்ந்து ஒரு பெயரைக் கற்றுக்கொள்ள முடியவில்லை. அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். மெட்ஃபார்மின் என்று மருந்துக்கடையில் பிசகாமல் சொல்லுகிற வாய்தான் அவருக்கும். உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க மகன் வேண்டும். அந்த மகன், அம்மாவுக்கு எது சுலபமோ அதுவே போதும் என்று இருந்துவிட்டார்.

சிறப்புத் திருமணச் சட்டப்படிதான் பதிவு செய்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதிவு அலுவலகத்தில் 30 நாள் நோட்டீஸ் ஒட்டுவார்கள். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயர் ஒரு மாதம் அந்தச் சுவரில் ஊர் பார்க்க இருந்தது. அன்றைக்கு விண்ணப்பத்தில் அதை ஓர் எழுத்து பிசகாமல் எழுதினீர்கள். வீட்டுக்கு வந்த மருமகளை அவள் பெயரோடு ஏற்றுக்கொள்வது புகுந்த வீட்டின் கடமை. பெற்றவர்களை ஆயிரம் மைலுக்கும் அப்பால் விட்டுவிட்டு வந்தவளுக்கு அதுவும் இல்லையென்றால் அவளுடையது என்று அந்த வீட்டில் என்ன இருக்கிறது? ஒரு புத்தகம் இருக்கிறது. அதையும் ஒளிக்கலாமா என்று என்னைக் கேட்கிறீர்கள்.

லீவு இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. பொங்கலுக்கு ஊரிலேயே இருந்தீர்கள், ஆடிக்குக் குலதெய்வம் கோவிலுக்குப் போனீர்கள், அதற்கெல்லாம் லீவு கிடைத்திருக்கிறது. மிசோரம் தலைநகர் அய்சாலுக்கு இரண்டு டிக்கெட் போடுங்கள். அங்கே அவள் அம்மா அவளை எப்படிக் கூப்பிடுகிறார் என்று பக்கத்தில் நின்று கேளுங்கள், நாலு தடவை சொல்லிப் பாருங்கள். தப்பாகச் சொன்னால் அவள் திருத்துவாள். அப்படித் திருத்தும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தின் முதல் வரியில் அவள் பெயர் இருக்கட்டும். நீங்கள் கேட்ட மற்ற இரண்டு கேள்விகளுக்கும் அதற்குப் பிறகுதான் பதில் எழுதுவேன்.